சுண்ணாம்புச் சீமையில் ஒரு நீல மூடி

"கேரவன்" என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும் குளுகுளு வண்டிதானே? எனக்கும் சென்ற வருஷம் வரையில் அப்படித்தான். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டால் ஒன்றரை அடி அகல அடுப்பு மேடையும், காலை நீட்டினால் கதவில் இடிக்கும் படுக்கையும், வளைவு வரும்போதெல்லாம் கடகடவென்று உருளும் குழம்புப் பாத்திரமும்தான் கண்முன் நிற்கின்றன.

எங்கள் வீட்டுக்காரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், கைக்கு வந்த பணத்தில் கணிசமான ஒரு பங்கைக் கொடுத்து, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த டீசல் கேரவனை வாங்கிவிட்டார். "இனி ஹோட்டல் அறைக்குக் காத்துக் கிடக்க வேண்டாம். வீடே நம்மோடு வரும்" என்றார். வீடு வரும், வாஸ்தவம். வீட்டு வேலையும் கூடவே வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை!

சென்ற ஐப்பசியில் இந்த வண்டியில்தான் நாங்கள் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போனோம். இவர், நான், என் மாமியார் ஆகிய மூன்று பேர். அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. சிறுவாச்சூர் மதுர காளியம்மன் அவர்களுக்குக் குலதெய்வம். அந்தக் கோயில் வழக்கமாகத் திறப்பது வெள்ளியும் திங்களும்தான். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுவதாக ஐதீகம். ஆகையால் வெள்ளிக்கிழமை காலையில் அத்தை அம்மன் சந்நிதியில் மாவிளக்குப் போட வேண்டும், அதற்குப் பிறகு நாங்கள் எங்கே வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. வியாழக்கிழமை பொழுது விடியுமுன் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டோம்.

உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் வண்டியின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"டீசல் தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"டீசல் இல்லை, யூரியா" என்றார் இவர்.

பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை, "வண்டிக்கு எதுக்கடா உரம்? வயலா உழப் போகிறது?" என்றார்கள்.

நீங்களும் அதையேதான் கேட்பீர்கள். எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன்.

டீசல் எரிகிற சூட்டில், காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் ஒன்றுசேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. நகரத்துப் புகைமூட்டத்துக்கும் குழந்தைகளின் இழைப்புக்கும் அதுவும் ஒரு காரணம். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் புது வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 6 என்ற கண்டிப்பான விதி வந்துவிட்டது. அதற்காக லாரி, பஸ், பெரிய வேன் முதலியவற்றில் பெரும்பாலும் டீசல் டாங்கிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டாங்கி வைத்துவிட்டார்கள். அதன் மூடி நீல நிறமாக இருக்கும். அதில் ஊற்றுவதுதான் இந்தத் திரவம். வண்டிக்காரர்கள் 'ஆட்புளூ' என்பார்கள், 'டெஃப்' என்பார்கள், 'யூரியாத் தண்ணி' என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான். ஆட்புளூ என்பது ஜெர்மன் மோட்டார் தொழில் சங்கத்துக்குச் சொந்தமான பெயர். நாம் வனஸ்பதியையெல்லாம் 'டால்டா' என்று சொன்னோமே, அந்த மாதிரி.

இது இஞ்சினுக்குள் போவதில்லை. புகை வெளியேறும் குழாயில், கொதிக்கிற புகையின்மேல் பனித்துளி போல் பீய்ச்சுகிறது. சூட்டில் யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா அந்த விஷ வாயுவோடு ஒரு வினையூக்கிப் பெட்டிக்குள் சேர, வெளியே வருவது வெறும் நைட்ரஜனும் நீராவியும். நூற்றுக்கு 32½ பங்கு யூரியா, மீதி 67½ பங்கு தாது உப்பு எல்லாம் நீக்கிய சுத்தமான தண்ணீர். பெயரில்தான் 'புளூ', பார்வைக்குப் பச்சைத் தண்ணீராகவே இருக்கும். இது தீர்ந்துபோனால் வண்டி முதலில் விளக்கைக் காட்டும், பிறகு தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மசியாவிட்டால் நிறுத்திய வண்டி மறுபடி கிளம்பாது. நம் வீட்டு வேலைக்காரி கோபித்துக்கொள்கிற வரிசைதான்!

"கவலையே வேண்டாம். பின்னால் ஒரு டின் இருக்கிறது. சாதாரண டின் இல்லை, உலகப் பிரசித்தி பெற்ற கம்பெனியுடையது" என்றார் இவர். சென்னையில் ஒரு பெரிய கடையில், கூசாமல் விலை கேட்ட கடையில், வண்டி வாங்கியபோதே வாங்கி வைத்ததாம்.

ரஞ்சன்குடிக் கோட்டையருகே வண்டியை நிறுத்தினோம். சாலையிலிருந்தே தெரிகிற கோட்டை அது. 1751ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபை முன்னே நிறுத்திக்கொண்டு இந்தப் பக்கத்தில் மோதிக்கொண்டார்கள் என்று சரித்திரம். நான் காப்பி போட்டேன். அத்தை மதிலையும் அகழியையும் பார்த்தார்கள். இவர் டின்னை இறக்கினார்.

மூடியைத் திருகியதுமே மூக்கைச் சுரீரென்று குத்திற்று. மூடியின் விளிம்பில் கற்கண்டுப் பொடி போல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. எனக்கு யந்திரம் தெரியாது. ஆனால் முப்பத்தைந்து வருஷமாகச் சமையலறை தெரியும். எந்த டப்பாவைத் திறந்தாலும் முதலில் தேதி பார்க்கிற கை, இந்த டின்னையும் திருப்பிப் பார்த்தது. தயாரித்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

"இது எங்கே இருந்தது இத்தனை நாளும்?"

"மொட்டை மாடியில், ஷீட் போட்ட கொட்டகையில்."

"சித்திரை வெயிலிலுமா?"

"வெயில் படவில்லையே, ஷீட்டுக்கு அடியில்தானே இருந்தது!"

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் சித்திரை மாதம் எப்படியிருக்கும் என்று வடாம் காயப்போட்ட எந்தப் பெண்ணையும் கேளுங்கள்.

இவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பெரிய கம்பெனி, கெட்டுப்போகாது" என்று டின்னை உயர்த்தினார். அமெரிக்காவிலுள்ள பிள்ளைக்கு டெலிபோன் போட்டேன். அங்கே அவன் விடுமுறைக்கு இப்படிப்பட்ட வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுகிறவன்.

"அப்பாவை ஊற்ற வேண்டாமென்று சொல்லம்மா" என்றான் உடனே. இதற்கென்று சர்வதேசத் தரம் ஒன்று உண்டாம், ஐ.எஸ்.ஓ. 22241 என்று எண். அதில் எவ்வளவு சூட்டில் எத்தனை மாதம் வைக்கலாம் என்றுகூடப் போட்டிருக்கிறதாம். 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 30 டிகிரி என்றால் 12 மாதம், 35 டிகிரி என்றால் 6 மாதம். அதற்கும் மேலே போனால் மாதக் கணக்கே கிடையாது, சோதித்துப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

"அப்படியானால் என்ன கம்பெனி வாங்குவது?" என்று கேட்டார் இவர், டெலிபோனைப் பிடுங்கி.

"கம்பெனியைப் பார்க்காதீர்கள் அப்பா. இங்கே நான் வால்மார்ட் கடையின் சொந்த டின்னைத்தான் வாங்குகிறேன், 'சூப்பர் டெக்' என்று பெயர். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் முத்திரையும் தேதியும் இருந்தால் போதும். உள்ளே இருப்பது அதே யூரியாவும் தண்ணீரும்தான். பெயர் பெரிதாக ஆக, விளம்பரச் செலவும் டின்னுக்குள் சேர்ந்துவிடுகிறது."

இவருக்கு இது ருசிக்கவில்லை. கடைக்காரர் சொந்தப் பெயர் ஒட்டி விற்பது என்றாலே மட்டம் என்பது அவர் கட்சி. அத்தைதான் தீர்ப்புச் சொன்னார்கள்: "எனக்கு மாத்திரை வாங்கும்போது தேதி பார்க்கிறாயா, கம்பெனி பார்க்கிறாயா? வண்டி வழியில் நின்று, நாளைக்கு நான் அம்மனைப் பார்க்க முடியாமல் போனால், அந்தப் பிரசித்தி பெற்ற கம்பெனியா எனக்கு மாவிளக்குப் போடும்?"

டின் மறுபடி பின்னால் ஏறியது. மஞ்சள் விளக்கோடேயே பெரம்பலூர் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை சிறுவாச்சூரில் அத்தை மாவிளக்குப் போட்டதையும், அந்த வெளிச்சத்தில் அவர்கள் முகம் இருந்த இருப்பையும் எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எனவே நேராகப் பெரம்பலூர்க் கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறேன்.

அங்கே ஓர் உதிரி சாமான் கடையில் விசாரித்தோம். கடைக்காரர் ஒரு வெள்ளைக் கேனைத் தூக்கி வைத்தார். "பாதி விலைதான் ஸார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்றார். திருப்பிப் பார்த்தேன். தேதி இல்லை. தர எண் இல்லை. செய்தவர் விலாசம் இல்லை. மூடியில் சீல் இல்லை. உள்ளே இருந்த தண்ணீர் லேசாக நீலம் போட்ட வேட்டி மாதிரி நீலமாக இருந்தது! 'புளூ' என்ற பெயருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் போலும். என் வீட்டுக்காரரே அந்த இடத்தில் பின்வாங்கினார்.

அதே தெருவில் கொஞ்ச தூரத்தில், உரம் வாங்குவதற்காக நீளமாக ஒரு வரிசை நின்றது. பெரம்பலூர் ஜில்லா மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போனது. புரட்டாசியில் விதைத்த சோளத்துக்கு ஐப்பசியில் மேலுரம் இட வேண்டும். மழை பெய்த ஈரம் காய்வதற்குள் போட்டாக வேண்டும். வரிசையில் இருந்த ஓர் அம்மாள் இடுப்பில் பேரனுடன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வண்டி வரிசைக்கருகே நிற்கவே, அத்தை ஜன்னல் வழியாகப் பேச்சுக் கொடுத்துவிட்டார்கள்.

"நேத்தே வந்தேங்க. தீந்துபோச்சுன்னு அனுப்பிட்டாங்க. இன்னைக்கு ரெண்டு மூட்டை கிடைச்சா போதும்" என்றார் அவர்.

விவசாயிக்குக் கிடைக்கிற 45 கிலோ யூரியா மூட்டை ஏறத்தாழ 266 ரூபாய்தான். அதன் அடக்க விலை பல மடங்கு. மிச்சத்தை சர்க்கார் மானியமாகக் கொடுக்கிறது. ஆலைகளுக்கு வேண்டிய யூரியாவுக்கு இந்த மானியம் கிடையாது, முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் சில்லறைப் புத்திக்காரர்கள் புகுந்துகொள்கிறார்கள். வயலுக்குப் போகவேண்டிய மூட்டையைக் கள்ளத்தனமாக வாங்கி, கிணற்று நீரில் கரைத்து, கேனில் அடைத்துவிடுகிறார்கள். இதைத் தடுக்கத்தான் 2015 முதல் வயல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த எண்ணெயும், வயல் யூரியாவில் உள்ள மற்ற கழிவுகளும் வண்டிக்குச் சத்துரு. பயிருக்கோ அந்த வேப்பெண்ணெயே உபகாரம், யூரியா மெதுவாகக் கரையும்.

அந்த நீலக் கேன் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாதி விலை எப்படிக் கட்டுபடியாகிறது என்று வரிசையில் நின்ற அந்தப் பேரனைப் பார்த்துக்கொண்டே நான் கணக்குப் போட்டேன். கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். நாங்கள் சாத்தனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். நீங்களும் அப்படியே போங்கள். அங்கே ஒரு மரம் படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம், முழுக்க முழுக்கக் கல்! பட்டையின் வரிகூடத் தெரிகிறது. சுமார் பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரம் என்கிறார்கள். 1940ல் புவியியல் நிபுணர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. இந்த வறண்ட பூமி அப்போது கடற்கரை. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம் கடல் சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது. அத்தை மரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "என்னைவிடப் பெரியவங்க" என்றார்கள்.

கடல் இருந்ததால் சிப்பியும் சங்கும் நத்தையும் கோடி கோடியாய் மடிந்து சுண்ணாம்புக் கல் ஆயின. சுண்ணாம்புக் கல் இருப்பதால் சிமெண்டு ஆலைகள் வந்தன. அரசாங்கத்தின் அரியலூர் சிமெண்டு ஆலை 1979ல் வந்தது. ராம்கோ, டால்மியா, செட்டிநாடு, அல்ட்ராடெக் எல்லாம் இந்த ஜில்லாவில் இருக்கின்றன. ஆலைகள் இருப்பதால் லாரிகள்! அம்மம்மா, எத்தனை லாரிகள்! சாலை ஓரத்து வேப்பமரமெல்லாம் மாவு சலித்த முறம் போல் வெளுத்திருக்கின்றன. ஒரு லாரியின் பின்னால் போனால் அது போகிற வரைக்கும் நாமும் போகவேண்டியதுதான்.

இந்த லாரிகள்தான் எங்களுக்கு வழி காட்டின. அரியலூரை நெருங்கும்போது வண்டியின் எச்சரிக்கை இன்னும் கடுமையாகிவிட்டது, விளக்கோடு ஒரு மணியும் அடிக்க ஆரம்பித்தது. எதிரே ஒரு பெட்ரோல் பங்க். பத்துப் பன்னிரண்டு சிமெண்டு லாரிகள் நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் நீல மூடி திறந்திருந்தது.

பங்கில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியின் உச்சியில் எங்கள் வீட்டுக்காரரின் பிரசித்தி பெற்ற டின்கள் மூன்று, மேலே தூசியுடன். கீழே, தரையில் மரப்பலகைமேல், பெட்ரோல் கம்பெனியின் சொந்தப் பெயர் போட்ட பக்கெட்டுகள் அடுக்கடுக்காக. இப்போது பெட்ரோல் கம்பெனிகளே இப்படித் தங்கள் பெயரில் விற்கின்றன. இண்டியன் ஆயிலின் பெயர் 'கிளியர்புளூ'. டாட்டா மோட்டார்ஸ் மாதிரி வண்டி செய்கிறவர்களும் தங்கள் பெயரில் விற்கிறார்கள். இரண்டிலும் தர எண் இருந்தது. அலமாரி டின்னில் தேதி பதினோரு மாதத்துக்கு முந்தியது. தரை பக்கெட்டில் சென்ற மாதத் தேதி. விலையோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு.

இவர் கை இன்னமும் அலமாரியைத்தான் காட்டிற்று. பழக்கம்!

பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும், கண் இமையெல்லாம் சிமெண்டுத் தூள். "ஸார், அந்த டின்னு போன வருசத்திலேருந்து அங்கேயேதான் உக்காந்திருக்கு. கண்ணாடி வழியா வெயிலும் அடிக்குது. இங்க கீழ இருக்கிற பக்கெட்டு ஒரு வாரம் தாங்காது. லாரிக்காரன் விடமாட்டான்" என்றார்.

"உங்கள் லாரிக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் தம்பி?" என்று நான் கேட்டேன்.

"நூறு லிட்டர் டீசலுக்கு நாலஞ்சு லிட்டர் ஆகும்மா. இது எங்க மச்சான் வண்டி இல்லை. மச்சான் வண்டி ஓடிக்கிட்டிருந்தா நான் அதையில்ல ஓட்டிக்கிட்டிருப்பேன்?"

கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் அவரே சொன்னார். அக்காளும் மச்சானும் கடன் வாங்கி ஒரு லாரி வாங்கினார்களாம். அக்காள் கழுத்துத் தாலியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக்குப் போயிற்று. ஒரு நாள் வழியில் எவனோ மலிவாகக் கேன் கொடுத்தான், மச்சான் நாலு முறை ஊற்றினார். ஐந்தாவது முறைக்கு லாரி மலையேறுகிற மாடு மாதிரி இழுக்க ஆரம்பித்தது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது பீய்ச்சுகிற குழாய் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. புகைக்குழாய்ப் பெட்டியே மாற்ற வேண்டும், லட்சக் கணக்கில் ஆகும் என்றார்கள். கம்பெனி உத்தரவாதமும் செல்லாது என்றுவிட்டார்கள்.

"ரெண்டு மாசமா நிக்குது. தவணை மட்டும் நிக்கலை" என்றார்.

"என்ன இருந்ததாம் அந்தக் கேனில்?" என்று இவர் கேட்டார், தணிந்த குரலில்.

"எங்க ஊர்க் கிணத்துத் தண்ணிதான் ஸார்."

இந்த இடத்தில் எனக்கு ஒன்று பளிச்சென்று புரிந்தது. வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் பத்துப் பிடிக்குமே, இடித்தாலும் போகாதே, அது வேறொன்றுமில்லை, சுண்ணாம்புச் சத்து. இந்தத் திரவத்தில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் அந்தச் சத்து இருக்கக் கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. சாதாரணக் கிணற்று நீரிலோ லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் இருக்கும். அரியலூர்க் கிணறோ கடல் சிப்பிக்கு நடுவில் வெட்டிய கிணறு! எந்தச் சுண்ணாம்பு இந்த ஊருக்குச் சோறு போடுகிறதோ, அதே சுண்ணாம்பு ஒரு கேனுக்குள் கரைந்து அந்த அக்காளின் லாரியை நிறுத்திவிட்டது.

இவர் பேசாமல் தரை பக்கெட்டில் ஒன்றை எடுத்துவரச் சொன்னார்.

இதோடு முடியவில்லை. ஊற்றுவதற்குப் புனல் வேண்டுமென்று என் அடுப்பு மேடையிலிருந்து நல்லெண்ணெய் ஊற்றுகிற புனலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்! டிரைவர் ஓடிவந்து தடுத்தார். "எண்ணெய் ஒரு சொட்டு போனாலும் கெடுதல் ஸார். டீசல் புனலும் கூடாது, குழாய்த் தண்ணியில கழுவின புனலும் கூடாது." பக்கெட்டோடேயே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், அதைச் செருகி ஊற்ற வேண்டியதுதான். கொஞ்சம் கீழே சிந்திற்று. சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், காய்ந்தால் வெள்ளை உப்பாகப் பூத்து வர்ணத்தை அரிக்கும். இந்த வேலை என் தலையில் விழுந்தது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தைக்கு ஒரு சந்தேகம். "தெரியாமல் டீசலை இந்த ஓட்டையில் ஊற்றிவிட்டால்?"

"வண்டியை ஸ்டார்ட்டே பண்ணக்கூடாது பாட்டி. அப்படியே பட்டறைக்கு இழுத்துக்கிட்டுப் போகணும்" என்றார் டிரைவர்.

ஒரு விஷயம். உங்கள் வீட்டு டீசல் வண்டி 2020க்கு முந்தியதானால் அநேகமாக இந்தத் தொல்லை கிடையாது. பிந்திய வண்டிகளிலும் சின்ன கார்கள் சிலவற்றில் இது வேண்டியதில்லை. டீசல் மூடியருகே நீல மூடி இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இருந்தால், வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிச் சேமிக்கலாமே என்ற நம் மளிகைப் புத்தியை மட்டும் இதில் காட்டாதீர்கள். துவரம்பருப்பு வேறு, இது வேறு. வேண்டும்போது, லாரிகள் வரிசையில் நிற்கிற இடத்தில், சீல் உடையாத பக்கெட்டாக, புதுத் தேதியாக வாங்குவதே லாபம்.

இது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தேசமே பார்த்திருக்கிறது. 2021ல் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திற்று. அந்த நவம்பரில் தென் கொரியாவில் இந்தத் திரவத்துக்கு லாரிகள் மைல் கணக்கில் நின்றன. கடைசியில் ராணுவ விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் கொண்டுவந்தார்கள்! நம் அத்தை மட்டும் அங்கே இருந்திருந்தால், வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் பேச்சுக் கொடுத்திருப்பார்கள்.

விளக்கு அணைந்தது. டிரைவரிடம் விடைபெற்றுக்கொள்ளும்போது அத்தை மடியிலிருந்து மாவிளக்குப் பிரசாதத்தை எடுத்து, "உங்க அக்காகிட்ட கொடுப்பா" என்றார்கள். அவர் அதைத் துண்டில் முடிந்துகொண்டு, தூள் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பிற்பகல் வாரணவாசிக்குப் போனோம். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர்ப் பக்கம் போகிற சாலையில் புதைபடிவக் காட்சிசாலை இருக்கிறது. சுருள் சுருளாக அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடுகள், கிளிஞ்சல்கள், கடல் முள்ளெலி என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவசியம் போங்கள். வண்டியில் இடமிருந்தால் அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் போய்விடலாம். நாங்கள் அங்கே போய், கோயில் எதிரே புல்தரையில் அத்தையை உட்கார வைத்து, வெண்டைக்காய் வற்றல் குழம்பும் அப்பளமும் பரிமாறினேன். குழம்பு உருளாமல் வந்து சேர்ந்தது என்பது ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை போய் வந்ததற்கு அடுத்தபடியான சாதனை என்றார் இவர்.

அந்தப் பிரசித்தி பெற்ற பழைய டின் எங்களோடேயே சென்னைக்குத் திரும்பி வந்தது. சாக்கடையில் கொட்ட இவருக்கு மனமில்லை, விலை ஞாபகம் வந்துவிட்டது. அத்தைதான் வழி சொன்னார்கள். பக்கெட் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வீதம் கலந்து, பின்கட்டுத் தென்னை மரத்துக்கு வாரம் ஒரு முறை விடுகிறோம். யூரியாதானே!

"வண்டிக்கு எதுக்கடா உரம்னு அன்னைக்கே கேட்டேன்" என்கிறார்கள், ஒவ்வொரு முறையும்.